ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்குச் சமையல் வகுப்பு: உங்கள் ஊரில் யாராவது நடத்துகிறீர்களா?

சமையற்கட்டு_நெல்லை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் பாளையங்கோட்டைப் பக்கம். சத்துணவு மையத்தில் அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். ஏழு மாதமாக எங்கள் தெருவை ஒட்டிய சமுதாயக் கூடத்தில் சனிக்கிழமைதோறும் ஒரு சமையல் வகுப்பு நடத்தி வருகிறோம். வருகிறவர்கள் எல்லாம் ஐம்பத்தைந்துக்கு மேல். பலருக்குச் சர்க்கரை, சிலருக்கு ரத்த அழுத்தம், பாதிப் பேருக்கு இரண்டும். கட்டணம் கிடையாது. ஆளுக்கு ஒரு காய் கொண்டு வர வேண்டும், வந்த காயை வைத்துத்தான் அன்றைய சமையல். இரண்டு கேஸ் அடுப்பு, ஒரு குக்கர், ஒரு பெரிய இருப்புச்சட்டி, ஒரு டிஜிட்டல் தராசு. சொத்து அவ்வளவுதான்.

இது தொடங்கிய விதத்தைச் சொல்லிவிடுகிறேன். 2021 ஆகஸ்டில் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வந்த பிறகு எங்கள் தெருவில் பல வீடுகளுக்கு மாத்திரை வாசலுக்கே வருகிறது. பெரிய நிம்மதி அது. மாத்திரை கொடுக்க வரும் தங்கச்சி கிளம்பும்போது “ஆச்சி, உப்பைக் குறைங்க” என்று சொல்லிவிட்டுப் போவாள். பக்கத்து வீட்டு ஆச்சி ஒருநாள் என்னிடம் கேட்டாள்: “குறைன்னா எவ்வளவு குறைக்கணும்? எதுல குறைக்கணும்? குறைச்சா அவுக தட்டைத் தள்ளிவிட்டு எந்திரிச்சிருதாகளே!” எனக்குப் பதில் தெரியவில்லை. இத்தனை வருடம் அளந்து சமைத்தவள் நான். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, மேல் வகுப்புக்கு 150 என்று கணக்குப் போட்டே பழகியவள். என் வீட்டு உப்பு ஜாடியை மட்டும் ஒருநாளும் அளந்து பார்த்ததில்லை.

முதல் மாதம் தப்பாக நடத்தினேன். சுவரில் படம் ஒட்டி, இதைச் சாப்பிடுங்கள், அதைச் சாப்பிடாதீர்கள் என்று ஒரு மணி நேரம் பேசினேன். பதினாறு பேர் வந்த இடத்தில் நாலாவது வாரம் ஆறு பேர். அவர்களிலும் இரண்டு பேர் எனக்காக வந்தவர்கள்.

ஐந்தாவது வாரம் பேச்சை நிறுத்திவிட்டேன். ஆளுக்கு ஒரு எவர்சில்வர் தட்டு கொடுத்து, “நாலு பேருக்குச் சாம்பார் வைக்கிறதாக நினைத்துக்கொண்டு, வீட்டில் போடுகிற மாதிரி உப்பை அள்ளித் தட்டில் வையுங்கள்” என்றேன். யாரும் கரண்டி கேட்கவில்லை. எல்லோரும் கைதான். ஒவ்வொரு தட்டாகத் தராசில் வைத்தோம். ஒருவர் கையில் 8 கிராம், இன்னொருவர் கையில் 19. அதே சாம்பார், அதே நாலு பேர். பத்தொன்பது வந்தவர் எதுவும் பேசவில்லை. தட்டை எடுத்து, விரல் நுனியால் பாதியை ஒதுக்கி ஜாடியில் திரும்பப் போட்டார். மிச்சம் இருந்ததைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு மணி நேரம் பேசி நான் செய்ய முடியாததை அந்தத் தட்டு செய்தது.

அன்றைக்கு இன்னொரு கணக்கும் போட்டோம். உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. வீட்டில் இரண்டு பேர் என்றால் 10 கிராம். ஒரு கிலோ பாக்கெட் 100 நாள் வர வேண்டும். அதுவும் ஊறுகாய், அப்பளம், கடை மிக்சர், பிஸ்கட்டில் இருக்கும் உப்பைச் சேர்க்காமல். “எங்க வீட்டுல ரெண்டே பேரு, மாசம் ஒரு பாக்கெட் வாங்குதோம்” என்று ஒரு அம்மா சொன்னதும் எல்லோரும் அவரவர் வீட்டுக் கணக்கைப் போட ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த வாரம் பன்னிரண்டு பேர் வந்தார்கள்.

இப்போது எனக்கு இரண்டு சிக்கல். ஒன்று, சமையலில் கைதேர்ந்த பெண்கள். “நாற்பது வருசமா சமைக்கேன், எனக்கு நீ சொல்லித் தரப்போறியா?” என்கிறார்கள். அவர்கள் கேட்பதும் நியாயம்தான். இன்னொன்று இதைவிடப் பெரிது. ஆண்கள் வருவதே இல்லை. எங்கள் தெருவிலேயே மனைவியை இழந்து தனியாக இருக்கும் அண்ணாச்சிமார் நாலு பேர். காலையில் டீக்கடை வடை, மதியம் பார்சல், ராத்திரி பரோட்டா. அவர்களை எப்படிக் கூடத்துக்குள் வரவைப்பது? உங்கள் ஊரில் யாராவது இப்படி நடத்தியிருந்தால் சொல்லுங்கள்.

தனிவீடு_முகப்பேர் எழுதியது:

அம்மா, நீங்கள் சொன்ன அந்த நாலு பேரில் ஒருவர் என்று என்னை வைத்துக்கொள்ளுங்கள். வயது எழுபத்தொன்று. மனைவி போய் இரண்டு வருடம் ஆகிறது. மகன் வெளிநாட்டில். இரண்டு வருடமும் பார்சல்தான்.

ஏன் வரமாட்டோம் என்று கேட்டீர்கள். உண்மையைச் சொல்கிறேன். ‘ஆரோக்கியச் சமையல்’ என்று போர்டு பார்த்தால், அது சமைக்கத் தெரிந்தவர்களுக்கு என்று நினைத்துக் கடந்து போய்விடுவேன். எனக்கு அரிசி வெந்துவிட்டதா என்று பார்க்கத் தெரியாது. துவரம்பருப்பையும் கடலைப்பருப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் வித்தியாசம் தெரியும். ஐம்பது வருடம் சாப்பிட்ட மனிதன் இதை ஒரு கூட்டத்தில் எப்படிக் கேட்பது? அதுவும் அக்கம்பக்கத்துப் பெண்கள் நிற்கும் இடத்தில்?

இன்னொன்றும் இருக்கிறது. அவள் நின்ற இடத்தில் நான் போய் நிற்பது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. முதல் ஆறு மாதம் சமையலறை விளக்கையே போடவில்லை. தண்ணீர் பிடிக்கக்கூட வாஷ்பேசினுக்குத்தான் போவேன். இப்படி இருப்பவரிடம் போய் எண்ணெயைக் குறை, உப்பைக் குறை என்றால் காதில் ஏறாது. “வாங்க, ஒரு தம்ளர் அரிசி வைப்போம்” என்றால் வருவார்.

ஆண்களுக்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள். போர்டில் சுகர், பிரஷர் எதுவும் வேண்டாம்.

உணவியல்_மதுரை எழுதியது:

தனிவீடு ஐயா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். இருபது வருடமாக உணவு ஆலோசனை சொல்லி வருகிறேன். தனியாக வரும் வயதான ஆண்களிடம் “வீட்டில் யார் சமைப்பது?” என்று முதலில் கேட்க வேண்டும் என்பது எனக்கே வெகு தாமதமாகத்தான் புரிந்தது. அதற்கு முன்னால் எத்தனை பேரிடம் அழகாக அட்டவணை எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேனோ.

சமையற்கட்டு அக்காவுக்கு: உப்பு, எண்ணெய், சர்க்கரை மூன்றையும் குறைக்கச் சொல்லும் கூட்டத்தில் எல்லோரும் மறந்துவிடுவது புரதம். நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் சோறும் ரசமும் மோருமாகவே நாளை ஓட்டுகிறார்கள். கை கால் சூம்புகிறது, நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக் கையை ஊன்ற வேண்டியிருக்கிறது. வயசாகிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) பரிந்துரை எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். அறுபது கிலோ எடை உள்ளவருக்கு நாளொன்றுக்கு 50 கிராம். முதியவர்களுக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் தேவை என்று சொல்லும் நிபுணர் குழுக்களும் உண்டு.

உங்கள் தராசை இதற்கும் எடுங்கள். நாலு பேர் சாம்பாருக்கு ஒரு கைப்பிடி துவரம்பருப்பு போடுகிறோம், ஏறத்தாழ 50 கிராம். அதில் புரதம் 11 கிராம். நாலாகப் பிரித்தால் ஒருவருக்கு 3 கிராம்கூட இல்லை. “நான் தினமும் பருப்பு சாப்பிடுகிறேன்” என்று சொல்பவர் உண்மையில் சாப்பிடுவது இவ்வளவுதான். ஒரு முட்டையில் 6 கிராமுக்கு மேல் இருக்கிறது. ஒரு கிண்ணம் சுண்டலில் 8 கிராம் வரை கிடைக்கும். சாம்பாரைக் கெட்டியாக்குவதும், சாயங்காலம் மிக்சருக்குப் பதில் சுண்டல் வைப்பதும் யாருக்கும் புதுச் சமையல் இல்லை. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. இதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், வகுப்பில் கேட்டுவிட்டுப் போய் ஒரே நாளில் சோற்றைப் பாதியாக்கிவிடக் கூடாது. மருந்தின் அளவு பழைய சாப்பாட்டுக்கு எழுதியது. சாப்பாடு குறைந்து மருந்து அப்படியே இருந்தால் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, படபடவென்று வந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர். சாப்பாட்டை மாற்றுவதை மருத்துவரிடம் சொல்லிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாற்ற வேண்டும்.

வரகுக்கொல்லை எழுதியது:

நல்ல முயற்சி. ஆனால் அரிசியை வைத்துக்கொண்டு என்ன ஆரோக்கியச் சமையல்? அடியோடு நிறுத்திவிட்டு வரகு, சாமை, தினை, குதிரைவாலி மட்டும் சொல்லிக்கொடுங்கள். நம் தாத்தா பாட்டி அதைத்தானே சாப்பிட்டார்கள். அரிசியை விடாமல் சர்க்கரை குறையாது. என் வீட்டில் மூன்று வருடமாக அரிசி வாங்குவதில்லை, நல்ல பலன்.

சமையற்கட்டு_நெல்லை எழுதியது:

தம்பி, உங்களுக்குப் பலன் கிடைத்ததில் சந்தோஷம். நானும் சிறுதானியத்தை விரும்புகிறவள்தான். ஆனால் எங்கள் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு அம்மா, ‘வரகு சுகருக்கு நல்லது’ என்று கேள்விப்பட்டு, சோறு சாப்பிட்ட அதே தட்டு நிறைய வரகு சாப்பிட்டார். அடுத்த பரிசோதனையில் ஒரு மாற்றமும் இல்லை. மனசு உடைந்துபோய், “எல்லாம் பொய்” என்று சொல்லிவிட்டுப் பழையபடி ஆகிவிட்டார். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது, ஏனென்றால் வரகைச் சொன்னவள் நான். அளவைச் சொல்லவில்லை.

அரிசி 100 கிராமில் மாவுச்சத்து 78 கிராம் போல. வரகு, சாமை, ராகியில் 65 முதல் 67. குறைவுதான், நார்ச்சத்தும் கூடுதல். ஆனாலும் மாவுச்சத்து மாவுச்சத்துதான். ராகியை நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் அது வேகமாகவே சர்க்கரையை ஏற்றும். ராகிக்குப் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது: 100 கிராமில் 360 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். அரிசியில் பத்துகூடக் கிடையாது. எலும்பு தேயும் வயதில் அது பெரிய காரியம். அதனால் எங்கள் வகுப்பில் ராகி உண்டு, அடையாக, முருங்கைக்கீரை போட்டு.

வடித்த சோறானால் சர்க்கரை ஏறாது என்று ஒரு நம்பிக்கை ஓடுகிறது, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கஞ்சியோடு கொஞ்சம் மாவுச்சத்து போகிறது, உண்மை. அதை நம்பி இரண்டு கரண்டி கூடப் போட்டுக்கொண்டால் போனது திரும்பி வந்துவிடும்.

இன்னொன்று. எழுபது வருடம் அரிசி சாப்பிட்ட ஆச்சியிடம் அரிசியைப் பிடுங்கினால் அவள் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விடுவாள். கரண்டியை மாற்றினேன். கூடத்தில் இருந்த பெரிய சாதக் கரண்டியை எடுத்துவிட்டுச் சின்னக் கரண்டி வைத்தேன். காயை முதலில் பரிமாறுகிறோம், தட்டில் பாதி காய்க்கு. சோறு கடைசியில். தட்டில் மிச்சம் இருக்கும் இடத்துக்குத்தான் சோறு.

நாகானோ_நினைவு எழுதியது:

வேலைக்காக ஜப்பானில் எட்டு வருடம் இருந்தேன், அதில் மூன்று வருடம் நாகானோ மாகாணத்தில். அங்கே நடந்ததை நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் நீங்கள் செய்வதும் அதைத்தான்.

நாகானோ மலைப்பிரதேசம். நீண்ட பனிக்காலம். காய்கறியை உப்பில் ஊறப்போட்டு மாதக்கணக்கில் வைத்துச் சாப்பிடுவது வழக்கம். நோசவானா என்ற கீரையில் போடும் ஊறுகாய் இல்லாத வீடு கிடையாது. வேளாவேளைக்கு மிசோ சூப், அதுவும் உப்பு. 1960களில் ஜப்பானிலேயே பக்கவாத இறப்பு மிக அதிகமாக இருந்த மாகாணங்களில் அதுவும் ஒன்று. அங்கே உணவு மேம்பாட்டுத் தன்னார்வலர்கள் என்று ஒரு பெரிய படை. பெரும்பாலும் நடுத்தர வயதுப் பெண்கள். வீடு வீடாகப் போய், அந்த வீட்டு மிசோ சூப்பில் ஒரு சின்னக் கருவியை விட்டு உப்பின் அளவைப் பார்த்துச் சொல்வார்கள். அப்புறம் ஊர்க்கூடத்தில் சேர்ந்து சமைப்பார்கள். சூப்பில் காயை நிறையப் போட்டுத் தண்ணீரைக் குறைப்பது, நாளுக்கு ஒரு கிண்ணத்தோடு நிறுத்துவது, ஊறுகாயைச் சின்னத் தட்டில் அளந்து வைப்பது. பெரிய வித்தை எதுவும் இல்லை. ‘நம் ஆரோக்கியம் நம் கையில்’ என்பது அவர்கள் வாசகம்.

2010 கணக்கெடுப்பில் ஆண், பெண் இரு தரப்பிலும் சராசரி ஆயுளில் நாகானோ ஜப்பானிலேயே முதலிடம். சமையல் வகுப்பு மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். அங்கே முதியவர்கள் கடைசிவரை வயலில் வேலை செய்கிறார்கள், சுகாதாரச் செவிலியர்கள் ஊர் ஊராக அலைந்து உழைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பெண்களின் பங்கு பெரிது. அவர்கள் டாக்டர்கள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள்.

உங்கள் தட்டும் தராசும் பற்றி வாசித்ததும் அந்த உப்புமானிதான் ஞாபகம் வந்தது.

பிட்டுக்குழல் எழுதியது:

வணக்கம் அக்கா. நான் யாழ்ப்பாணம், இப்போது டொரொன்டோவில் ஸ்கார்பரோ. அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது, சீனி வருத்தம் பதினைந்து வருடமாக.

இங்கே முதியவர்களுக்கான சமையல் வகுப்பு ஒன்றுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். இடத்தின் பெயர் வேண்டாம். நல்ல மனிதர்கள், அன்பாகத்தான் நடத்தினார்கள். கினோவா, அவகாடோ, பச்சைச் சலாட். அம்மா எல்லாவற்றையும் மரியாதைக்குச் சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து சோறும் மீன் குழம்பும் போட்டுச் சாப்பிட்டார். அவர் சமைக்கும் ஒரு சாப்பாடுகூட அந்த வகுப்பில் இல்லை. அவருடைய சமையல் எல்லாமே நோய் என்று சொன்ன மாதிரி அவருக்குப் பட்டிருக்கிறது. திரும்பப் போக மாட்டேன் என்றுவிட்டார்.

பிறகு எங்கள் சனமே சேர்ந்து கோயில் மண்டபத்துச் சமையலறையில் மாதம் ஒருமுறை கூடத் தொடங்கினோம். முதல் நாள் பிட்டு. வெள்ளை மாவுக்குப் பதில் சிவப்பரிசி மாவும் குரக்கன் மாவும் பாதிக்குப் பாதி. குரக்கன் என்றால் உங்கள் ராகிதான். குழலில் ஒரு பிடி மாவுக்கு ஒரு பிடி தேங்காய்ப்பூ போடுவது எங்கள் கை வழக்கம். அதை மூன்று பிடிக்கு ஒன்றாக்கி, நடுவில் துருவிய கரட்டும் பொடியாக அரிந்த முருங்கையிலையும் போட்டோம். அவிந்து வரும்போது வாசம் மண்டபம் முழுக்க. அம்மா குழலைத் தட்டி விழுத்திப் பார்த்துவிட்டு, “உதிர்கிறது, தண்ணி காணாது” என்று மாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அன்றிலிருந்து வகுப்பை நடத்துவது அவர்தான். நாங்கள் எல்லாம் எடுபிடி.

உங்கள் ஊர்க் கைதேர்ந்த பெண்களுக்கும் இதுதான் வழி என்று நினைக்கிறேன். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். அவர்களிடம் மாவைக் கொடுத்துவிடுங்கள்.

மருமகள்_ஈரோடு எழுதியது:

இந்த இழையை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்கு மேல் வரிசையில் பல்லே இல்லை, செட்டு மாட்டினால் ஈறு புண்ணாகிறது என்று கழற்றி வைத்துவிட்டார். காய் நிறையச் சாப்பிடுங்கள், சுண்டல் சாப்பிடுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள், மெல்லவே முடியாதவர் எப்படிச் சாப்பிடுவார்? நானும் ரவைக் கஞ்சி, பால் பிரெட் என்று கொடுத்துக்கொண்டிருந்தேன். உடம்பு இளைத்துக்கொண்டே போகிறது.

இன்னொரு சந்தேகம். கடையில் ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்கிறதே, அதை வாங்கிவிட்டால் வழக்கம்போல் போட்டுச் சமைக்கலாமா? அவருக்கு பிரஷர் மாத்திரை உண்டு, ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) கொஞ்சம் கூட இருக்கிறது என்றார்கள்.

உணவியல்_மதுரை எழுதியது:

முதலில் உப்பு. தயவுசெய்து அந்த உப்பை உங்கள் மாமியாருக்குக் கொடுக்காதீர்கள், மருத்துவர் சரி என்று சொல்லும்வரை. அதில் சோடியத்தைக் குறைத்துப் பொட்டாசியத்தைச் சேர்த்திருக்கிறார்கள். சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறவர்களுக்கு அது நல்ல பலன் தரக்கூடியதுதான். சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு 2021ல் வெளியானது. கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு சேர்ந்த உப்பைப் பயன்படுத்தியவர்களிடம் பக்கவாதம் 14 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால் கிரியேட்டினின் கூடியவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் தேங்கி இதயத் துடிப்பையே கெடுக்கலாம். சில பிரஷர் மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றும். அதனால் பொது வகுப்பில் ‘எல்லோரும் இந்த உப்பு வாங்குங்கள்’ என்று சொல்லவே கூடாது. சமையற்கட்டு அக்காவும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பல் விஷயம்: காயைக் கடிக்க முடியாவிட்டால் கடையலாம். நம் ஊரில் மத்தும் கல்சட்டியும் எதற்கு இருந்தது? கீரைக் கடைசல், சுரைக்காய்ப் பாசிப்பருப்புக் கூட்டு, பூசணி மசியல், பருப்பு உசிலியைக்கூட நன்றாக வேகவைத்து உதிர்த்தால் முடியும். கொண்டைக்கடலைச் சுண்டலுக்குப் பதில் வேகவைத்த பாசிப்பயறை மசித்துக் கொடுங்கள். அசைவம் சாப்பிடுவாரானால் அவித்த முட்டையை மசித்து மிளகு போட்டுக் கொடுக்கலாம். ரவைக் கஞ்சி வயிற்றை நிரப்பும், புரதம் தராது. புரதத்தில் எவ்வளவு என்பதை மட்டும் அவருடைய மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள், கிரியேட்டினின் இருப்பதால் சொல்கிறேன். விழுங்கும்போது இருமலோ புரையோ அடிக்கடி வந்தால் அதையும் காட்டுங்கள். அது பல் பிரச்சினை இல்லை.

சமையற்கட்டு_நெல்லை எழுதியது:

ஒரு மாதம் கழித்து வருகிறேன். நிறையச் சொல்ல இருக்கிறது.

பிட்டுக்குழல் சொன்னதை அப்படியே செய்தேன். “நான் சொல்லித்தரவில்லை. வாரம் ஒருவர் உங்கள் கைச் சமையலைச் செய்து காட்டுங்கள், நாங்கள் பக்கத்தில் நின்று அளந்துகொள்கிறோம்” என்றேன். முதலில் முன்வந்தது, ‘எனக்குச் சொல்லித்தரப் போறியா’ என்று கேட்ட அதே அக்கா. உளுந்தஞ்சோறு செய்தார். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், தொலி உளுந்தும் அரிசியும் பூண்டும் வெந்தயமும் தேங்காயும் போட்டு ஒன்றாக வேகவைப்பது. எள்ளுத் துவையலும் அவியலும் தொடுகறி. வழக்கமாக இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. அவர் அரிசியை அளந்து போட்டார், நான் எழுதினேன். அப்புறம் அவரே நின்று யோசித்துவிட்டு, “உளுந்தைக் கூட்டினா பருப்புச் சத்து கூடும்லா?” என்று இன்னும் அரைப் பங்கு உளுந்தை அள்ளிப் போட்டார். குழைந்துவிடுமோ என்று எனக்குப் பயம். குழையவில்லை. நல்லெண்ணெய் மட்டும் ஆளுக்கு ஒரு தேக்கரண்டியோடு நிறுத்தினோம், இலையில் குழி பறித்து ஊற்றுவது கிடையாது. உப்பு குறைந்ததை எள்ளுத் துவையலின் புளியும் வத்தலும் மறைத்துவிட்டன. யாரும் கேட்கவில்லை.

நாகானோ தம்பி, உப்புமானி இணையத்தில் கிடைக்கிறது என்று என் மகன் வாங்கித் தந்திருக்கிறான். ரசத்தில் விட்டுப் பார்க்கிறோம். தண்ணியாக இருப்பதில் நன்றாகக் காட்டுகிறது. ஆச்சிமார் இப்போது வீட்டு ரசத்தைச் சின்னத் தூக்குவாளியில் கொண்டு வந்து “பாரு, போன வாரத்துக்கு இது எறங்கியிருக்கா” என்று கேட்கிறார்கள்.

ஆண்கள் விஷயம். தனிவீடு அண்ணாச்சி, உங்கள் வார்த்தையை வைத்துத்தான் செய்தேன். டீக்கடைக்காரரிடம் சொல்லி ஒரு தாளை ஒட்டினேன்: ‘ஒரு ஆளுக்குச் சோறு, ஒரு குழம்பு, ஒரு காய். அரை மணி நேரம். புதன்கிழமை. ஆண்களுக்கு மட்டும்.’ வேறு எதுவும் எழுதவில்லை. முதல் புதன் ஒருவரும் இல்லை. இரண்டாவது புதன் ஒருவர் வந்து, வாசலில் நின்று, “இந்தப் பக்கம் ஒரு சோலி” என்றார். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, வெங்காயத்தை உரிக்கக் கொடுத்தேன். மூன்றாவது புதன் அவர் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவந்தார்.

சொல்லிக்கொடுக்க ஒரு ஓய்வுபெற்ற சமையல்காரரைப் பிடித்திருக்கிறேன், கல்யாண வீட்டுக்குச் சமைத்தவர். ஆண் ஆணிடம் கேட்கிறான், கூச்சம் இல்லை. சோறு வெந்ததா என்று பார்க்க ஒரு பருக்கையை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் நசுக்கிக் காட்டினார். மூன்று பேரும் வரிசையாக நின்று ஆளுக்கொரு பருக்கையை நசுக்கினார்கள். ஒருவர் எண்ணெய் இன்னும் காயவில்லை என்பது தெரியாமல் கடுகைப் போட்டு, அது பொரியாமல் கிடக்க, அடுப்பைக் கூட்டிக் கருக்கிவிட்டார். பாத்திரத்தைக் கழுவி வைத்து மறுபடியும் செய்தார். இரண்டாவது முறை படபடவென்று பொரிந்ததும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

மாமியார் பற்றிக் கேட்ட மருமகளுக்கு: சுரைக்காய்க் கூட்டில் ஒரு பிடி முருங்கைக்கீரையையும் போட்டுக் கடைந்து பாருங்கள். எங்கள் வகுப்பில் பல் இல்லாத இரண்டு பேர் அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

தனிவீடு_முகப்பேர் எழுதியது:

அம்மா, நேற்று நானே சமைத்தேன். ஒரு தம்ளரில் பாதி அரிசி, குக்கரில் மூன்று விசில். சௌசௌவும் பாசிப்பருப்பும் போட்டுக் கூட்டு, உங்கள் இழையில் வந்த சுரைக்காய்க் கூட்டுச் செய்முறையை வைத்துத்தான். உப்பைத் தேக்கரண்டியால் அளந்து போட்டேன். அவள் சாமான் டப்பாக்களில் பெயர் எழுதி ஒட்டி வைத்திருக்கிறாள். பாசிப்பருப்பு எது என்று யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

கூட்டு அதிகமாகிவிட்டது. ஒரு ஆளுக்குச் சமைப்பது எப்படி என்று இன்னும் பிடிபடவில்லை. ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன். எத்தனை நாள் தாங்கும்?

சமையற்கட்டு_நெல்லை எழுதியது:

அண்ணாச்சி, ரொம்பச் சந்தோஷம். தேங்காய் அரைத்து ஊற்றியிருந்தால் நாளைக்குள் முடித்துவிடுங்கள். தேங்காய் இல்லாவிட்டால் இரண்டு நாள். எடுத்த வேளைக்கு வேண்டியதை மட்டும் தனிக் கிண்ணத்தில் எடுத்து, நன்றாகக் கொதிக்கவிட்டுச் சாப்பிடுங்கள், மொத்தத்தையும் சூடாக்கித் திரும்ப உள்ளே வைக்காதீர்கள். ஃப்ரிட்ஜுக்கு வெளியே வைத்தது என்றால் இந்த வெயிலுக்கு மதியத்தோடு சரி, ராத்திரிக்கு வேண்டாம்.

அடுத்த முறை இரண்டு மேஜைக்கரண்டி பாசிப்பருப்பு, உங்கள் உள்ளங்கை அளவு சௌசௌ பாதி. ஒரு ஆளுக்கு அது போதும்.